கழுத்துத் தேய்வும் கை விறைப்பும்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது

தோட்டம் கொத்தியும் சுமை தூக்கியும் வாழும் வீடுகளில் "கழுத்து உளையுது, கை விறைக்குது" என்ற பேச்சு புதியதல்ல. நோ வந்தால் எண்ணெய் பூசுகிறோம். பனடோல் இரண்டு போடுகிறோம். மறுநாளும் மண்வெட்டியைத் தூக்குகிறோம். வாய்வு என்கிறோம், பிடிப்பு என்கிறோம், வயது போகிறது என்கிறோம். பெரும்பாலான வேளைகளில் இதனால் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. நோ தானாகவே தணிந்து விடுகிறது. ஆனால், சிலருக்கு மட்டும் அதே கழுத்து மெல்ல மெல்லக் கைகளின் திறனையும் கால்களின் உறுதியையும் பறித்து விடுகிறது. அப்படிப் பறிகொடுப்போரில் பலருக்குக் கழுத்தில் சொல்லத்தக்க நோ இருப்பதே இல்லை. அதனாலேயே அவர்கள் காலந்தாழ்த்தி வைத்தியரிடம் வருகிறார்கள்.

காணியையும் வீட்டையும் விட்டு ஒரு தடவையோ பல தடவைகளோ எழும்பிப் போன குடும்பங்களுக்கு உழைக்கும் கைகளே எஞ்சிய முதல். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மூட்டை முடிச்சுகளோடு நடந்த இருபது வயது இளைஞருக்கு இன்று வயது ஐம்பதளவில் இருக்கும். கழுத்துத் தேய்வு தன்னை வெளிக்காட்டத் தொடங்கும் வயதும் இதுதான். ஆகவே இப்பாடத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை காண்போம். கழுத்தினுள் என்ன நடக்கிறது? எந்த அறிகுறி எதைச் சொல்கிறது? எதை வீட்டில் பார்த்துக் கொள்ளலாம், எதற்கு வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும்?

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் ஏழு முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய 5 கிலோ நிறையுள்ள தலையை இவை நாள் முழுவதும் தாங்குகின்றன. மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் தவிர, ஏனைய எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டு ஒன்று உண்டு. இத்தட்டின் வெளிப்புறம் உறுதியான நாராலானது. உட்புறம் நுங்கு போல நீர்ப்பிடிப்பும் மென்மையும் உடையது. நாம் குனியும் போதும் திரும்பும் போதும் எலும்புகள் ஒன்றோடொன்று உராயாமல் காப்பது இதுவே.

எலும்புகளின் நடுவே ஒரு குழாய் வழி இருக்கிறது. அதனூடாக மூளையிலிருந்து இறங்கும் தடித்த நரம்புக் கயிற்றை முண்ணாண் என்பர். முண்ணாணிலிருந்து கழுத்துப் பகுதியில் மட்டும் எட்டுச் சோடி நரம்புகள் பக்கவாட்டில் பிரிந்து தோளுக்கும் கைகளுக்கும் போகின்றன.

இதை எமது நீர்ப்பாசனத்தோடு ஒப்பிட்டு விளங்கிக் கொள்ளலாம். முண்ணாண் குளத்திலிருந்து வரும் பெரிய வாய்க்கால். பக்க நரம்புகள் கிளை வாய்க்கால்கள். ஒரு கிளை வாய்க்கால் அடைபட்டால் அதன் கீழுள்ள வயல் மட்டும் காயும். பெரிய வாய்க்கால் நெரிபட்டால் அதற்குக் கீழே உள்ள முழு வயல்வெளியும் பாதிக்கப்படும். இந்த வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நாடி.

தேய்வு என்பது என்ன?

இளநுங்கு முற்றிச் சீக்காயாவது போல, வயது செல்லச் செல்லத் தட்டின் உள்ளே இருக்கும் நீர் குறைகிறது. தட்டு வற்றி உயரம் குறையும். சில வேளை வெளியே பிதுங்கும். தட்டு தளர்ந்த இடத்தில் எலும்பின் விளிம்புகளில் முனைகள் வளரும். எலும்புகளைப் பிணைக்கும் நாண்களும் தடிக்கும். இவை எல்லாம் சேர்ந்து நரம்பு வெளியேறும் துவாரத்தையோ முண்ணாண் இருக்கும் குழாயையோ ஒடுக்கலாம். ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு இடையிலேயே இது கூடுதலாக நடக்கிறது.

ஆனால் தேய்வு என்ற சொல்லைக் கேட்டதும் கலங்க வேண்டியதில்லை. யப்பானில் நோய்க்குறி எதுவுமற்ற 1211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 வீதமானோருக்குத் தட்டுப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுகளில் இருந்தோரிலும் பெரும்பாலானோருக்கு அது காணப்பட்டது. தலைமயிர் நரைப்பது போல இதுவும் உடலின் இயல்பான மாற்றமே. ஆகவே எக்ஸ்ரே படத்தில் "தேய்வு" என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி ஆக்கிவிட முடியாது. படம் என்ன சொல்கிறது என்பதிலும் பார்க்க, கையும் காலும் என்ன சொல்கின்றன என்பதே முக்கியம்.

வயதோடு பரம்பரையும், புகைத்தலும், பழைய காயங்களும், செய்யும் வேலையும் தேய்வைக் கூட்டலாம். தலைச்சுமை தூக்குவோரின் கழுத்து எக்ஸ்ரே படங்களைத் தூக்காதோரின் படங்களோடு ஒப்பிட்டு 1997இல் வெளிவந்த ஆய்வொன்று, சுமை தூக்குவோரிடம் தேய்வு மிகக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. விறகும் தண்ணீரும் நெல் மூட்டையும் தலையில் சுமப்போர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று நிலைகள்

முதலாவது, கழுத்தோடு நிற்கும் நோ. கழுத்து இறுகும், திருப்பக் கடினமாக இருக்கும், நோ பிடரிக்கோ தோள்மூட்டுக்கோ பரவும். கையில் விறைப்போ பலவீனமோ இராது. இதுவே மிகப் பொதுவானது. சில நாட்களில் அல்லது சில வாரங்களில் குறையும். இதை வீட்டில் பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, கிளை நரம்பு நெரிபடுதல். நோ கழுத்திலிருந்து தோள் வழியாக ஒரு கைக்கு மின்சாரம் போலவோ நெருப்புப் போலவோ இறங்கும். விரல்கள் விறைக்கும் அல்லது ஊசி குத்துவது போல இருக்கும். எந்த விரல் என்பதும் ஒரு குறிப்பைத் தரும். பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்தால் பெரும்பாலும் ஆறாம் நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாம் நரம்பு. சின்னவிரலும் அதற்கு அடுத்த விரலும் என்றால் எட்டாம் நரம்பு. ஏழாம் நரம்பு கூடுதலாக நெரிபட்டால் மடித்த முழங்கையை நீட்டித் தள்ளும் பலம் குறையும். தலையைப் பின்னே சாய்த்து நோவுள்ள பக்கம் திருப்பினால் நோ கூடும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் பலருக்குச் சுகமாக இருக்கும். இந்நிலையும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே குணமாகிறது. எனினும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுவது அவசியம். கையின் பலம் குறைந்துகொண்டு போனால் காத்திருக்கலாகாது.

மூன்றாவது, முண்ணாண் நெரிபடுதல். இதுவே பொறுக்கக்கூடாத நிலை. இங்கே பெரிய வாய்க்கால் அல்லவா நெரிபடுகிறது? எனவே கைகளும் கால்களும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். அறிகுறிகள் இவை:

• சட்டைத் தெறி பூட்டவும், ஊசியில் நூல் கோர்க்கவும், சில்லறைக் காசு எண்ணவும் கை தடுமாறும். கையெழுத்து மாறும். கையில் பிடித்த பொருட்கள் அடிக்கடி விழும்.
• கால்கள் இறுகிப் பாரமாக இருக்கும். நடை தள்ளாடும். வரம்பில் நடக்கவும் இருளில் நடக்கவும் பயமாக இருக்கும். செருப்புக் கழன்று போவதும் தெரியாது.
• தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கைகால்களுக்கு மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு சிலருக்கு வரும்.
• பின்னர் சலத்தை அடக்க முடியாமல் போகலாம். அல்லது சலம் வெளியேறக் கடினமாக இருக்கலாம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயதான தந்தை. கூலிக்கு மிளகாய்த் தோட்டம் கொத்துகிறார். சில மாதங்களாகத் தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவுகிறது. வரம்பில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். "இஞ்சருங்கோ, ஒருக்கா ஆசுப்பத்திரியில காட்டுங்கோவன்" என்கிறார் மனைவி. "நோவில்லை, வயசு போகுதெல்லே, இனி உப்பிடித்தான்" என்கிறார் அவர். ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலையும் அவருக்கு உண்டு. இந்தப் பதிலைச் சொல்லாத வீடு குறைவு. நோ இல்லை என்பது இங்கே ஆறுதலான செய்தி அன்று. இந்நோய் உள்ளவர்களுக்கு நோய் இன்னதென்று கண்டறியப்படுவதற்குச் சராசரியாக இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றதாக 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. நசுங்கிய முண்ணாண் நீண்ட காலம் அப்படியே கிடந்தால் இழந்த திறன் முழுமையாகத் திரும்புவது அரிது. ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போய் வாழ்நாள் உழைப்பை இழக்கலாமா?

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

மூன்று எளிய சோதனைகளை எவரும் செய்து பார்க்கலாம். முதலாவது, கையைப் பொத்தி விரிக்கும் சோதனை. மணிக்கூட்டைப் பார்த்து 10 செக்கன்களுக்குள் விரல்களை முழுமையாகப் பொத்தி முழுமையாக விரிக்க வேண்டும். சுகதேகி ஒருவர் 20 தடவை அளவில் செய்துவிடுவார். அதிலும் வெகுவாகக் குறைந்தாலோ, விரல்கள் முழுதாக விரிய மறுத்தாலோ கவனம் தேவை. இரண்டாவது, நிலத்தில் ஒரு கோடு கீறி, ஒரு காலின் குதியை மற்றக் காலின் பெருவிரலோடு முட்ட வைத்து அடியடியாகப் பத்து அடி நடத்தல். விழுந்துவிடாதபடி பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மூன்றாவது, தெறி பூட்டுதல். முன்பு எவ்வளவு இலகுவாகச் செய்தோம் என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இச்சோதனைகள் நோயை முடிவு செய்ய மாட்டா. வைத்தியரிடம் போக வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க உதவும்.

கழுத்து அல்லாத காரணங்கள்

கை விறைப்பு எல்லாம் கழுத்திலிருந்து வருவதில்லை. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து நித்திரை கலைந்து, கையை உதறினால் சுகம் வந்தால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதே பெரும்பாலும் காரணம். இது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முழங்கையில் நரம்பு நெரிபட்டாலும் சின்னவிரல் விறைக்கும். இரு பாதங்களிலும் விறைப்புத் தொடங்கினால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் ஆகியவற்றோடு இடது கையோ தோளோ நாடியோ நொந்தால் அதைக் கழுத்து நோ என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது, மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கழுத்து நோவோடு காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் நித்திரை கொள்ளவிடாத நோ என்பன இருந்தால் காசம் முதலிய வேறு நோய்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நோவைத் தணிக்க

படுத்தே கிடப்பது நல்லதல்ல. முதல் ஓரிரு நாட்கள் பாரமான வேலையைக் குறைத்து, பின்னர் இயன்றளவு நடமாட வேண்டும். சூடான துணி ஒற்றடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். தலையணை மிக உயரமாகவோ இல்லாமலோ இருக்கக் கூடாது. பக்கவாட்டில் படுக்கும்போது தலை உடலோடு நேராக இருக்க வேண்டும். தலையணை இல்லாத இடத்தில் சேலையையோ சாறத்தையோ மடித்துச் சுருட்டிக் கழுத்துக்குக் கொடுக்கலாம்.

பனடோல் போடுவதாயின் வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டுக்கு மேல் கூடாது. ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் நோய் உள்ளோரும் மதுப்பழக்கம் உள்ளோரும் வைத்தியரைக் கேட்டே போட வேண்டும். கடையில் வாங்கும் டைக்குளோபினாக் போன்ற நோக்குளிசைகளைத் தொடர்ந்து போடுவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கலாம். வவுனியா உட்பட வரண்ட வலய விவசாயக் கிராமங்கள் சிலவற்றில், காரணம் சரியாக அறியப்படாத சிறுநீரக நோய் காணப்படுவதால் எமது மக்கள் இதில் இரட்டிப்பு அவதானமாக இருக்க வேண்டும்.

நோ குறைந்ததும் எளிய பயிற்சிகள் மூன்று செய்யலாம். நிமிர்ந்திருந்து நாடியை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை வைத்திருத்தல். இரு தோள்பட்டைகளையும் பின்னே ஒன்றையொன்று நெருங்கச் செய்தல். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாதபடி மெதுவாகத் தள்ளுதல். ஒவ்வொன்றையும் நாளுக்கு இரண்டு வேளை பத்துத் தடவை செய்தால் போதும். கைக்கு நோ இறங்கினால் நிறுத்தி விட வேண்டும்.

கழுத்தைப் பிடித்து வெட்டித் திருப்பி நெட்டி முறிப்பதை எவரிடமும் அனுமதிக்கக் கூடாது. சலூனில் தலை பிடித்து விடுபவரானாலும், சுளுக்குப் பார்ப்பவரானாலும் அவ்வாறே. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கழுத்து எலும்புகளின் ஊடாகப் போகின்றன. திடீர் முறுக்கினால் அவை கிழிந்து பாரிசவாதம் வந்ததுண்டு. எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் தவறில்லை.

வேலையை விட வேண்டாம், முறையை மாற்றுவோம்

கழுத்து நோவுக்காக எவரும் தோட்டத்தை விட முடியாது. ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றலாம். 20 லீற்றர் தண்ணீர்க் கலனை ஒரே தடவையாகத் தலையில் வைப்பதிலும் பார்க்க, பத்துப் பத்து லீற்றராக இரு கைகளில் சமமாகக் கொண்டு வருவது நல்லது. 50 கிலோ உர மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றாமல் இருவராகப் பிடித்துச் சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோ வைக்கலாம். 16 லீற்றர் மருந்தடிக்கும் தாங்கியை முழுதாக நிரப்பாமல் அரைவாசியோடு இரு தடவை போகலாம். வெங்காயத்துக்குக் களை பிடுங்குவோர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி, நிமிர்ந்து, தோள்களைச் சுழற்ற வேண்டும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு தள்ளுவண்டியை வாங்கி மாறி மாறிப் பாவிப்பது சங்கங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம்.

முண்ணாண் ஒடுங்கி இருப்பவர்களுக்குச் சிறு விழுக்காடும் பெரும் ஆபத்து. அவர்கள் பனையிலோ தென்னையிலோ ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். எவராவது உயரத்திலிருந்து விழுந்தால் தூக்கி நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது. தலையும் கழுத்தும் அசையாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும்.

வைத்தியசாலைக்குப் போகும்போது

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். முதலில் பக்கத்து வைத்தியசாலையில் காட்டி, தேவையானால் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம். வைத்தியரிடம் "கழுத்து நோ" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த விரல் விறைக்கிறது, எப்போது தொடங்கியது, எந்த வேலை செய்ய முடியவில்லை, நடையில் என்ன மாற்றம், சலம் போவதில் மாற்றம் உண்டா என்ற ஐந்தையும் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியையும் படங்களையும் பொலித்தீன் பையில் போட்டு அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். இடம் மாறினாலும் அவை கூட வரட்டும்.

இன்னொன்றை எமது மக்கள் மறக்கவே கூடாது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பலமான காந்தம். யுத்த காலத்தில் உடலில் பாய்ந்த செல் துண்டோ சன்னமோ இன்னும் உள்ளே இருந்தால், அது எவ்வளவு சிறிதாயினும், எத்தனை வருடம் பழையதாயினும், படம் எடுக்க முன்னர் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருந்தால் அது அசைந்து பெருங்கேடு செய்யலாம். கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்காதீர்கள்.

முண்ணாண் நெரிபடுவது உறுதியானால் வைத்தியர் சத்திரசிகிச்சை பற்றிப் பேசலாம். பயந்து திரும்பி வந்துவிட வேண்டாம். நோய் மேலும் முற்றாமல் நிறுத்துவதே அதன் முதல் நோக்கம். பலருக்குக் கைகால்களின் திறன் ஓரளவு திரும்புவதும் உண்டு. காலத்தோடு செய்தால் பயன் கூட. எல்லாச் சத்திரசிகிச்சையையும் போல இதிலும் ஆபத்துகள் உண்டு. அவற்றைக் கேட்டறிவது எமது உரிமை. நோய் இலேசானதாயின் சத்திரசிகிச்சை செய்யாமல் கிளினிக்கில் ஒழுங்காகக் கவனித்து வரவும் வைத்தியர் தீர்மானிக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் கை தடுமாறி, நடை தள்ளாடி, "வயது" என்று சொல்லி வீட்டிலிருப்போர் எவராவது உளரா? அவர்களை யார் போய்ப் பார்ப்பது?
2. எமது வேலைகளில் கழுத்துக்கு மிகக் கூடிய பாரம் தருவது எது? அதைக் குறைக்கச் சங்கமாக என்ன செய்யலாம்?
3. கிளினிக்குக்குப் போகும் நாளில் ஒருவரின் கூலியோ தோட்ட வேலையோ கெடாமல் அயலவர் எவ்வாறு கைகொடுக்கலாம்?

கழுத்து மட்டும் நொந்தால் பொறுக்கலாம். ஒரு கைக்கு நோ இறங்கினால் வைத்தியரிடம் காட்டுவோம். கைகள் தடுமாறி, கால்கள் தள்ளாடினால் நோ இல்லாவிட்டாலும் அந்தக் கிழமையே வைத்தியசாலைக்குப் போவோம். சலம் போவதில் மாற்றம் வந்தாலோ, பலம் விரைவாகக் குறைந்தாலோ அன்றைக்கே போவோம். இவ்வளவையும் வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் சொல்லிக் கொடுப்போம்.